எண்ணெய் எழுப்பிய நகரங்கள் – 12: டேவிட் கோபுரம்

வெனிசுவேலாவின் தலைநகரான கராகஸில், ஆந்த்ரேஸ் பெல்யோ நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கும் 45 தளக் கட்டடம் ஒன்றுக்கு அரசு ஆவணங்களில் 'கான்ஃபினான்சாஸ் நிதி மையம்' என்று பெயர். நகர மக்களின் வழக்கில் அந்தப் பெயர் இல்லை. அதைக் கட்டத் தொடங்கிய நிதியாளர் டேவிட் பிரில்லெம்பூர்கின் பெயரால் அவர்களுக்கு அது டேவிட் கோபுரம். ஏறத்தாழ 190 மீட்டர் உயரமுள்ள இக்கோபுரத்தின் வேலை 1990-இல் தொடங்கி, 1994-இல் நின்றுபோனது. அதன்பின் அது முடிக்கப்படவே இல்லை. 2007 முதல் 2015 வரை வீடற்ற மக்கள் அதற்குள் குடியேறி வாழ்ந்தமையால் உலகச் செய்தித்தாள்கள் அதை அறிந்தன. எழுதியவர்களில் ஒரு சாரார் அதைக் குற்றவாளிகளின் கோட்டை என்றனர். மறுசாரார் ஏழைகளின் தன்னாட்சிக் குடியிருப்பு என்றனர். ஆனால் 1994-க்குப் பின் அக்கட்டடம் அரசின் உடைமையாகவே இருந்தது என்பதை இரு சாராரும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயினர். வருவாய் வறண்ட காலத்திலும், பெருகி வழிந்த காலத்திலும் அந்த உரிமையாளர் என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்பதே இந்த இயலின் பொருள்.

முந்தைய இயல்களில் விளக்கியவாறு, எண்ணெய் ஏற்றுமதியால் வாழும் நாட்டில் அரசின் கருவூலத்தை நிரப்புவது மக்கள் செலுத்தும் வரி அன்று. எண்ணெயை மண்ணிலிருந்து எடுப்பதற்கு ஆகும் செலவுக்கும் உலகச் சந்தையில் அது விற்கும் விலைக்கும் இடையிலுள்ள பெரும் வேறுபாடே அதை நிரப்புகிறது. உழைப்பாலோ முதலீட்டாலோ அன்றி, வளம் தன் எல்லைக்குள் அமைந்திருப்பதாலேயே ஒருவருக்குக் கிடைக்கும் இத்தகைய வருவாயைப் பொருளியலார் 'வள வாடகை' என்பர். 1973-74-இல் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது அந்த வாடகை கராகஸில் கான்கிரீட்டாக உருமாறியது. பார்க்கே சென்ட்ரல் என்ற அரசுக் குடியிருப்பு வளாகத்தின் இரட்டைக் கோபுரங்கள் 225 மீட்டர் உயரத்துக்கு எழுந்ததும், 1976 ஜனவரி 1 அன்று எண்ணெய்த் தொழில் நாட்டுடைமையானதும் அக்காலத்தில்தான். பின்னர் விலை சரிந்தது. ஒரு டாலருக்கு 4.30 பொலிவார் என்று ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த நாணய மதிப்பு 1983 பிப்ரவரி 18 அன்று உடைந்தது. 'கருப்பு வெள்ளி' என்று வெனிசுவேலர் இன்றும் குறிப்பிடும் அந்த நாளுக்குப் பின் கராகஸின் கட்டுமானத் தொழில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

முடிவுறாக் கட்டடமும், ஆள் இல்லாத கட்டடத்தில் மக்கள் குடியேறுவதும் கராகஸுக்குப் புதியவை அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1950-களில் சர்வாதிகாரி மார்கோஸ் பெரெஸ் ஹிமேனெஸ், மலைச்சரிவுக் குடிசைகளை அகற்றிவிட்டு, கட்டடக் கலைஞர் கார்லோஸ் ரவுல் வில்யனுவேவாவின் வடிவமைப்பில் பெரும் அடுக்குமாடித் தொகுதிகளை எழுப்பினார். 1958 ஜனவரி 23 அன்று அவருடைய ஆட்சி கவிழ்ந்ததும், அவற்றில் ஒதுக்கீடு செய்யப்படாமல் காலியாக இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளில் மக்கள் தாமாகவே புகுந்து குடியேறினர். அந்தக் குடியிருப்பு அன்று முதல் 'ஜனவரி 23' என்றே பெயர் பெற்றது. புகுந்தவர்களை வெளியேற்றும் துணிவு பின்வந்த எந்த அரசுக்கும் வரவில்லை. அதே ஆட்சிக் காலத்தில் தார்ப்பேயா பாறை என்ற குன்றைச் சுற்றிச் சுருள் வடிவில் தொடங்கப்பட்ட எலிகோய்டே என்னும் வணிக வளாகத்தின் கதை வேறு திசையில் போனது. காரை விட்டு இறங்காமலேயே கடை வாசலுக்குப் போய்ச் சேரும்படி ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளச் சரிவுப் பாதைகளுடன் திட்டமிடப்பட்டு, 1961-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைக்கப்பட்ட அவ்வளாகம் பாதியில் நின்றுபோயிற்று. பின்னர் அது அரசின் கைக்கு வந்தது. 1979-இல் மண்சரிவில் வீடிழந்த மக்கள் அங்கே தங்கவைக்கப்பட்டனர், 1982-இல் வெளியேற்றப்பட்டனர், 1985-இல் உளவுக் காவல் துறை குடிபுகுந்தது. கடைகளுக்கென வகுத்த அறைகள் சிறை அறைகளாயின. டேவிட் கோபுரத்தின் பிற்கால வரலாற்றைப் படிப்பவர் இந்த இரண்டு முன்னோடிகளையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மக்கள் கைப்பற்றிய கட்டடம் ஊரானது, அரசு எடுத்துக்கொண்ட கட்டடம் சிறையானது.

1989 பிப்ரவரி 2 அன்று இரண்டாம் முறையாகக் குடியரசுத் தலைவர் பதவியேற்ற கார்லோஸ் ஆந்த்ரேஸ் பெரெஸ், பன்னாட்டு நாணய நிதியத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி விலைக் கட்டுப்பாடுகளை நீக்கி, பெட்ரோல் விலையை உயர்த்தினார். அதன் தொடர்ச்சியாகப் பேருந்துக் கட்டணம் ஏற, பிப்ரவரி 27 அன்று குவாரேனாஸில் மூண்ட கலவரம் தலைநகருக்குப் பரவியது. 'கராகாஸோ' எனப்படும் அக்கலவரத்தை அடக்க இறங்கிய இராணுவத்தின் தோட்டாக்களுக்குப் பலர் இரையாயினர்; அரசு 276 பேர் என்று கணக்குச் சொன்னது, உண்மை அதைவிட மிக அதிகம் என்பதே மனித உரிமை அமைப்புகளின் நிலைப்பாடு. இத்தனை குருதி சிந்திய பின்னும் பெரெஸ் தம் கொள்கையை மாற்றவில்லை. வட்டி வீதம் சந்தையின் போக்குக்கு விடப்பட்டது, பொதுத்துறை நிறுவனங்கள் விற்பனைக்கு வந்தன, கராகஸ் பங்குச்சந்தை குறுகிய காலத்தில் வெகுவாக ஏறியது. தெருவில் சவங்கள் விழுந்த அடுத்த ஆண்டிலேயே அதே நகரில் ஒரு நிதிக் கோபுரத்துக்கு அடித்தளம் தோண்ட முடிந்தது என்றால், அந்தச் சமூகத்தின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் எவ்வளவு தொலைவு விலகி வாழ்ந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

டேவிட் பிரில்லெம்பூர்க் 1970-களின் எண்ணெய்ச் செழிப்பில் பெரும்பொருள் ஈட்டியவர். கான்ஃபினான்சாஸ் என்ற நிதிக் குழுமத்தின் தலைவர். நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டுக்கு இணையாகக் கராகஸில் ஒரு நிதி வட்டாரம் உருவாக வேண்டும், அதன் நடுநாயகமாகத் தம் கட்டடம் விளங்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கட்டடக் கலைஞர் என்ரிக்கே கோமெஸின் வரைபடத்தில் அந்த வளாகம் ஒரே கோபுரமாக இல்லை. வங்கி அலுவலகங்களுக்கான உயர்ந்த முதன்மைக் கோபுரம், அதையடுத்து உயரம் குறைந்த இரண்டாம் கோபுரம், கண்ணாடிக் கூரையிட்ட நுழைவு முற்றம், இவற்றோடு பல தளங்கள் கொண்ட வண்டி நிறுத்தக் கட்டடம் என அது விரிந்திருந்தது. முதன்மைக் கோபுரத்தின் உச்சியில் ஹெலிகாப்டர் இறங்கும் மேடையும் திட்டத்தில் உண்டு. வெளிப்புறம் முழுவதும் 'திரைச்சுவர்' அமைய வேண்டும் என்பது முடிவு. கட்டடத்தின் எடையைத் தாங்காமல், தளங்களின் விளிம்பில் திரையைப் போலத் தொங்கவிடப்படும் கண்ணாடிப் போர்வைக்குத் திரைச்சுவர் என்று பெயர். எடை முழுவதையும் உள்ளேயுள்ள தூண்களும் உத்தரங்களும் தளங்களும் சேர்ந்த சட்டகமே சுமக்கும். இந்தத் தொழில்நுட்பச் செய்தி பின்னர் எவரும் எதிர்பாராத வகையில் பயன்பட்டது. சுவர் ஏதும் இல்லாமலேயே நிற்கக்கூடிய கட்டடத்தில், வேண்டிய இடத்தில் சுவர் எழுப்பிக்கொள்வது எளிது.

1992-இல் பிப்ரவரியிலும் நவம்பரிலும் இரண்டு இராணுவப் புரட்சி முயற்சிகள் தோற்றன; முதலாவதன் தலைவர் ஹூகோ சாவேஸ் என்ற படைத்தளபதி. 1993 மே மாதத்தில் ஊழல் குற்றச்சாட்டின் பேரில் பெரெஸ் பதவியிழந்தார். அதே ஆண்டில் பிரில்லெம்பூர்க் புற்றுநோயால் இறந்தார். கட்டுமானம் நின்றதற்கு அவருடைய மரணமே காரணம் என்று பலரும் எழுதுவது பொருந்தாது. உரிமையாளர் இறந்தால் வாரிசோ பங்காளியோ கடன் கொடுத்த வங்கியோ வேலையைத் தொடர்வது உலக வழக்கம்; இங்கே அவ்வாறு தொடர வேண்டியவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் வீழ்ந்தனர் என்பதே உண்மையான காரணம்.

1994-ஆம் ஆண்டின் வங்கி நெருக்கடி எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். வட்டி வீதம் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டதும், வைப்புத் தொகையைக் கவர வங்கிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு மிக உயர்ந்த வட்டியை அறிவித்தன. அந்த வட்டியைக் கொடுக்க வேண்டுமானால் திரட்டிய பணம் அதைவிட அதிகம் ஈட்டியாக வேண்டும். ஆகவே அது பங்குகளிலும், நகர நிலங்களிலும், அந்தந்த வங்கி முதலாளிகளின் சொந்த நிறுவனங்களுக்கான கடனிலும் போய் முடங்கியது. வங்கியின் கணக்கேட்டில் ஏறாமல், அதே கட்டடத்தின் இன்னொரு சாளரத்தில், 'பண மேசை' என்ற பெயரில் பெருந்தொகைகள் கைமாறின. கண்காணிக்க வேண்டிய அமைப்புகளோ வங்கியாளர்களின் வட்டத்துக்குள்ளேயே இருந்தன. 1989 முதல் 1992 வரை மத்திய வங்கியின் தலைவராக இருந்த பெத்ரோ தினோக்கோ, அதற்கு முன் பாங்கோ லத்தீனோ என்ற தனியார் வங்கியை நடத்தியவர். நாட்டின் இரண்டாவது பெரிய வங்கியாக வளர்ந்திருந்த அந்தப் பாங்கோ லத்தீனோதான் 1994 ஜனவரியில் முதலில் கதவடைத்தது.

ஒரு பெரிய வங்கி மூடப்பட்டால் அதில் பணம் போட்டவர்கள் மட்டும் அஞ்சுவதில்லை. மற்ற வங்கிகளில் போட்டவர்களும் விடியற்காலையில் வரிசையில் வந்து நிற்பர். அவ்வரிசைகளை எதிர்கொள்ள முடியாத வங்கிகளுக்கு வைப்பு உத்தரவாத நிதியம் பணம் கொடுத்தது. சிறு சேமிப்பாளரின் வைப்புத் தொகைக்கு அரசு பொறுப்பேற்கும் பொருட்டு 1985-இல் நிறுவப்பட்ட அமைப்பு அது. கொடுத்த பணத்தின் பெரும்பகுதி டாலராக மாறி நாட்டை விட்டு வெளியேறியது, வங்கிகள் பிழைக்கவில்லை. பிப்ரவரியில் பதவியேற்ற ரஃபாயேல் கால்தேராவின் அரசு, ஜூன் மாதத்தில் மேலும் எட்டு நிதி நிறுவனங்களின் நிருவாகத்தைத் தானே ஏற்றுக்கொண்டு, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்தது. நாட்டின் நிதி நிறுவனங்களில் மூன்றில் ஒரு பங்கு அந்நெருக்கடியில் அழிந்தது. வங்கியாளர் பலர் வெளிநாட்டுக்குத் தப்பினர். அவர்கள் விட்டுச்சென்ற அலுவலகங்கள், பண்ணைகள், விடுதிகள், மனைகள் ஆகிய அனைத்தும் கடனுக்கு ஈடாக நிதியத்தின் கையில் வந்து குவிந்தன. கான்ஃபினான்சாஸ் குழுமமும் வீழ்ந்தது. ஏறத்தாழ 60 விழுக்காடு முடிந்திருந்த கோபுரமும் அந்தக் குவியலில் ஒன்றாகச் சேர்ந்தது. தூண்களும் தளங்களும் எழுந்திருந்தன. கண்ணாடிப் போர்வையும் ஒரு பகுதி ஏறியிருந்தது. மின்தூக்கி, குழாய் நீர், மின் இணைப்பு, படிக்கட்டின் கைப்பிடி ஆகியவை மட்டும் வந்து சேரவில்லை.

சேமிப்பாளருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதற்கென ஏற்பட்ட ஓர் அமைப்பு கட்டடம் கட்டும் வேலையைச் செய்ய இயலாது. கையில் உள்ளதை விற்றுப் பணமாக்குவதே அதன் கடமை. ஆனால் 1996-இல் ஓராண்டுக்குள் விலைவாசி இரு மடங்கான நாட்டில், வங்கிகளே இல்லாமற்போன நகரில், வங்கிகளுக்கெனக் கட்டிய கோபுரத்தை வாங்க யார் வருவார்? 2001-இல் அதை ஏலத்துக்கு விட்டபோது கேட்பார் இல்லை. இதற்கிடையில் கண்ணாடிகளும் கம்பிகளும் ஒவ்வொன்றாகக் களவுபோயின. விற்க முடியாத சொத்தை இடிப்பதற்கும் செலவு உண்டு. முடிப்பதற்கு அதைவிடப் பெருஞ்செலவு. ஒன்றும் செய்யாமல் வாயிலில் ஒரு காவலரை நிறுத்திவைப்பதே மலிவான வழி. அரசு அலுவலகத்தின் இயல்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

வருவாய் இல்லாத 1990-களுக்கு இந்த விளக்கம் போதும். 1998-இல் ஒரு பீப்பாய் 10 டாலர் அளவுக்குத் தாழ்ந்திருந்த எண்ணெய் விலை, 2008 ஜூலையில் உலகச் சந்தையில் 140 டாலரைத் தாண்டிய பின்னும் கோபுரம் அப்படியே நின்றதற்கு அவ்விளக்கம் போதாது. 1999 பிப்ரவரியில் ஆட்சிக்கு வந்த சாவேஸ் ஏழைகளின் பெயரால் ஆண்டவர். கராகஸ் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தாமே கட்டிக்கொண்ட 'பாரியோ' எனப்படும் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். மழைக்காலந்தோறும் அச்சரிவுகளில் மண் சரிந்தது. 1999 டிசம்பரில் தலைநகருக்கு வடக்கே கடலோர வர்காஸ் மாநிலத்தில் நேர்ந்த பெருவெள்ளத்திலும் மண்சரிவிலும் பல்லாயிரவர் மாண்டனர். 2002 பிப்ரவரி 4 அன்று சாவேஸ் பிறப்பித்த ஆணை, பாரியோ மக்கள் நிலக் குழுக்களை அமைத்துத் தம் வீட்டு மனைக்குப் பட்டா பெற வழி செய்தது. அது நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஏற்கெனவே உள்ள குடிசைக்குப் பட்டா கொடுப்பது வேறு, இல்லாத வீட்டைக் கட்டிக் கொடுப்பது வேறு. பின்னதில் சாவேஸ் அரசின் முதல் பத்தாண்டுச் செயல் மிகவும் மெலிந்தது. பயன்படாமல் கிடக்கும் சொத்தை ஏழைகள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்ற பேச்சு மட்டும் மேடைதோறும் ஒலித்தது. அதை நம்பிய மக்கள் நகரின் காலிக் கட்டடங்களைத் தேடிப் புகுந்தனர். 2007-இல் ஒருநாள் பல நூறு பேர் டேவிட் கோபுரத்தின் வாயிலுக்கு வந்தபோது, காவலர்கள் தடுக்கவில்லை.

முதலில் வந்தவர்கள் தரைத்தளத்தில் கூடாரம் அடித்துத் தங்கி, குப்பையை அள்ளி, பின்னர் மெல்ல மேலேறினர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தளத்தில் ஓர் இடம் அளந்து விடப்பட்டது. முதலில் துணியும் அட்டையும் தடுப்பாயின, கையில் காசு சேர்ந்ததும் செங்கல் வந்தது. மலைச்சரிவுப் பாரியோக்களில் எங்கும் காணக்கூடிய சிவந்த துளைச் செங்கல்லே இங்கும் பயன்பட்டது. உட்புறம் பல துளைகளுடன் வார்த்துச் சுடப்படுவதால் எடை குறைந்த இச்செங்கல், தோளில் சுமந்து மாடிப்படி ஏறுவோருக்கு ஏற்றது. சட்டகத்தின் மீது ஏறும் பாரமும் குறைவு. கண்ணாடி இல்லாத விளிம்புகளில் அச்செங்கல்லால் சுவர் எழுந்தது. அலுவலகக் கட்டடத்தின் தளம் ஆழமானது. நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் எட்டாது. ஆகவே உட்சுவர்களிலும், அடுத்தடுத்த கட்டடங்களுக்கு இடையிலும் துளையிட்டு வழி உண்டாக்கினர். பூச்சுக்கு வசதியில்லாத வீடுகளில் சுவர்மீது செய்தித்தாள்களை ஒட்டினர். காரை பூசி, வண்ணம் அடித்து, ஓடு பதித்து நடுத்தர வகுப்பு வீடுகளைப் போல ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு.

மின்தூக்கி இல்லாத குறையை வண்டி நிறுத்தக் கட்டடம் ஓரளவு தீர்த்தது. கார்கள் ஏறுவதற்கென அமைந்த அதன் சரிவுப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் பத்தாம் தளம் வரை ஏறின. கூலிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது நாள் முழுவதும் ஓடும் தொழிலானது. பத்தாம் தளத்திலிருந்து மறுகட்டடத்துக்கு நடந்து, அதன்பின் படிகளில் ஏற வேண்டும். 28-ஆம் தளத்துக்கு மேல் எவரும் குடியேறாமைக்குக் காரணம் தடையுத்தரவு அன்று, கால்களின் வலிமைக்கு இருந்த எல்லையே. தெருக்குழாயிலிருந்து எடுத்த நீரைத் தொட்டிகளில் சேர்த்து, மின்விசையால் கட்டம் கட்டமாக மேலே ஏற்றி, தளங்களுக்கு முறைவைத்துத் திறந்துவிட்டனர். மின்சாரத்தையும் நகர இணைப்பிலிருந்து இழுத்துப் பகிர்ந்துகொண்டனர். மளிகைக் கடைகளும், முடிதிருத்தும் கடைகளும், உரிமம் இல்லாத ஒரு பல் மருத்துவ நிலையமும் தளங்களிடையே தோன்றின. கீழே கூடைப்பந்து ஆடுகளமும் சுவிசேஷ சபைக் கூடமும் அமைந்தன. மேல்தளம் ஒன்றில், மின்தூக்கிக்காக வாங்கி ஒருநாளும் பொருத்தப்படாத இரும்பு உருளைகளைக் குழாய்களின் இரு முனையிலும் கோத்து, இளைஞர்கள் உடற்பயிற்சி செய்தனர். டச்சு ஒளிப்படக் கலைஞர் ஈவான் பான் எடுத்த அந்தப் படம், இக்கோபுரத்தைப் பற்றி எழுதப்பட்ட பல கட்டுரைகளைவிட அதிகம் சொல்லுகிறது.

இத்தனை ஏற்பாடும் தானாக நிகழவில்லை. 2009-இல் குடியிருப்போர் 'வெனிசுவேலாவின் குலத்தலைவர்கள்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவுசெய்தனர். சிறையிலிருந்து மீண்டு சுவிசேஷப் போதகரான ஒருவர் அதன் தலைமையில் இருந்தார். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பொறுப்பாளர், வாயிலில் காவல், மாதந்தோறும் ஒரு சந்தா, துப்புரவுக்கு முறை என விதிகள் வகுக்கப்பட்டன. மீறியவர்களுக்கு எச்சரிக்கை, மீண்டும் மீறினால் வெளியேற்றம். அச்சத்தின் பேரில் நடந்த ஆட்சி இது என்று எழுதினோரும் உண்டு. பாரியோவில் மாலைக்குப் பின் வெளியே தலைகாட்ட அஞ்சிய தாய்மார், இங்கே கதவைத் திறந்துவைத்துத் தூங்க முடிந்ததைச் சொன்னதாக எழுதினோரும் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கக்கூடும். 2012 ஏப்ரலில் கடத்தப்பட்ட கோஸ்டாரிக்கா நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவரைத் தேடிக் காவல்துறை கோபுரத்துக்குள் புகுந்தது. அவர் அங்கே இல்லை. கைப்பிடியற்ற படிகளிலிருந்தும் சுவரற்ற விளிம்புகளிலிருந்தும் விழுந்து இறந்தோர் இருந்தனர், அவர்களுள் குழந்தைகளும் அடங்குவர் என்பதே இக்குடியிருப்பின்மீது சொல்லத்தக்க மிகக் கடுமையான குற்றச்சாட்டு. அதிலும், கைப்பிடி பொருத்தியிருக்க வேண்டிய உரிமையாளர் யார் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

குடியிருந்தோரின் எண்ணிக்கை எழுதியவருக்கு எழுதியவர் வேறுபடுகிறது. ஏறத்தாழ 750 குடும்பங்களில் 3,000 பேர் என்பது ஒரு கணக்கு, உச்சத்தில் 5,000 பேர் வரை என்பது மற்றொன்று. 'அர்பன் திங்க் டேங்க்' என்ற வடிவமைப்புக் குழு கோபுரத்தை நெருங்கி ஆராய்ந்தது. அதன் நிறுவனர் இருவருள் ஆல்ஃபிரெடோ பிரில்லெம்பூர்க், கோபுரத்தைத் தொடங்கியவரின் உறவினர். அக்குழுவும் எழுத்தாளர் ஜஸ்டின் மெக்குவெர்க்கும் சேர்ந்து 2012-ஆம் ஆண்டு வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சியில் அமைத்த காட்சி, வெனிசுவேலாவின் அன்றாட உணவான அரேப்பா பரிமாறும் உணவகமாகவே அமைந்திருந்தது. சிறந்த திட்டத்துக்கான தங்கச் சிங்க விருதையும் பெற்றது. வெனிசுவேலக் கட்டடக் கலைஞர் பலர் இதனால் சினமுற்றனர். வறுமையையும் சட்டத்தின் தோல்வியையும் கலைப்பொருளாக்கிவிட்டனர் என்ற அவர்களுடைய குறை முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று. எனினும், சுவர், நீர், மின்சாரம், ஆட்சி ஆகிய நான்கையும் ஓர் அரசின் உதவியின்றி 28 தளங்களுக்கு ஏற்றிய மக்களின் பொறியியல் அறிவைப் பாராட்டுவது வறுமையைப் பாராட்டுவதாகாது. அடுத்த ஆண்டில் 'ஹோம்லேண்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் கோபுரத்தின் பெயரிலேயே ஒரு பகுதியை ஒளிபரப்பியது. அதில் அது கூலிக் கொலைகாரர்களின் புகலிடமாகக் காட்டப்பட்டது, படப்பிடிப்போ பியூர்ட்டோ ரிக்கோவில் நடந்தது.

2010 இறுதியில் பெய்த பெருமழையில் ஆயிரக்கணக்கானோர் வீடிழந்த பிறகே, 2011-இல், 'வெனிசுவேலா வீட்டுவசதிப் பெரும்பணி' என்ற திட்டத்தைச் சாவேஸ் தொடங்கினார். 2013 மார்ச் 5 அன்று அவர் இறந்தார். பின்வந்த நிக்கோலஸ் மதுரோவின் அரசு கோபுரத்தைக் காலி செய்ய முடிவெடுத்தது. 2014 ஜூலை 22 அன்று, படைவீரர் காவலுடன், முதல் தொகுதிக் குடும்பங்கள் பேருந்துகளில் ஏற்றப்பட்டு, தலைநகருக்குத் தெற்கே துய் பள்ளத்தாக்கிலுள்ள குவா என்னும் ஊரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டன. பணிக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் எர்னெஸ்தோ வில்யேகாஸ், இது வெளியேற்றம் அன்று, உடன்பாட்டின்படி நடக்கும் மாற்றம் என்று விளக்கினார். வன்முறையின்றி நடந்தது என்பது உண்மையே; குழாய் நீரும் மின்சாரமும் உள்ள வீடு கிடைத்ததில் மகிழ்ந்தோரும் பலர். ஆனால் கராகஸின் நடுவே வேலை, பள்ளி, மருத்துவமனை ஆகிய அனைத்துக்கும் நடந்து போகும் தொலைவில் வாழ்ந்தவர்கள், நாள்தோறும் பல மணி நேரம் பயணம் செய்தாக வேண்டிய இடத்துக்கு மாறினர். 1,100-க்கும் மேற்பட்ட குடும்பங்களை இவ்வாறு மாற்றி முடிக்க 2015 வரை ஆயிற்று.

காலியான கோபுரத்தை என்ன செய்வது என்பதற்கு அரசிடம் விடை இல்லை. சீன வங்கிகள் அதை வாங்கப்போவதாகச் செய்தி பரவியது. இடிப்பதா, வணிக மையமாக்குவதா, வீடுகளாக்குவதா என்பதை மக்களிடம் விவாதித்து முடிவு செய்யலாம் என்று மதுரோ கூறினார். மக்களை வெளியேற்றிய அதே 2014-ஆம் ஆண்டின் பிற்பாதியில் எண்ணெய் விலை பாதியாகச் சரிந்தது. அதன்பின் விவாதத்துக்குப் பொருளே இல்லாமற்போயிற்று. ஆக, கோபுரம் அரசின் கைக்கு வந்த 20 ஆண்டுகளில், விலை தாழ்ந்தபோது பணம் இல்லை என்றும், உயர்ந்தபோது அதைவிட முக்கியமான பணிகள் உண்டு என்றும் காலம் கழிந்தது. அந்த 20 ஆண்டுகளில் கட்டடத்தில் ஒரு செங்கல்லாவது வைத்தவர்கள் அங்கே சட்டப்படி இருக்க உரிமையற்ற மக்கள் மட்டுமே. எண்ணெய் நாடுகளின் ஆட்சியாளர்கள் புதிதாகத் தொடங்குவதில் காட்டும் ஊக்கத்தைத் தொடங்கியதை முடிப்பதில் காட்டுவதில்லை. திறப்பு விழாவுக்கு வாடகை வருவாய் போதும், பராமரிப்புக்கோ ஒழுங்கான நிருவாகம் வேண்டும்.

2018 ஆகஸ்ட் 21 அன்று வெனிசுவேலாவின் வடகிழக்குக் கடற்கரையை ஒட்டி 7.3 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. கராகஸில் பெருஞ்சேதம் இல்லை. ஆனால் டேவிட் கோபுரத்தின் உச்சியிலுள்ள ஐந்து தளங்கள் நிலைகுலைந்து ஏறத்தாழ 25 பாகை சாய்ந்தன. கீழே உள்ள தெருக்களிலிருந்து மக்களை அப்புறப்படுத்த நேர்ந்தது. ஆளற்ற கட்டடமாதலால் உயிரிழப்பு இல்லை என்று அரசு தன் 2014 முடிவை நியாயப்படுத்தலாம். ஆனால் சாய்ந்த தளங்களில், மக்கள் வாழ்ந்த காலத்திலும் எவரும் குடியிருக்கவில்லை.

அடுத்த இயலில், 2002 டிசம்பர் முதல் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்து, வெனிசுவேல அரசு எண்ணெய் நிறுவனத்தின் பல்லாயிரம் ஊழியர்களைப் பணிநீக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திய வேலைநிறுத்தம் விளக்கப்படும்.

(தொடரும்)